ஐந்தாம் குழியின் பச்சை விளக்கு

1. பாதியில் மூடிய டிபன் பாக்ஸ்

கோயம்புத்தூரிலிருந்து ஃபோன் வந்தபோது நான் சோற்றில் கை வைத்திருந்தேன். வில்லியனூர் தாண்டி, கரும்புக் கொல்லையை ஒட்டி இருக்கும் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் அப்போது எனக்கு டெஸ்ட் என்ஜினியர் வேலை. பேர்தான் என்ஜினியர், படித்தது டிப்ளமோ. போர்டுகளைச் சோதிக்கும் ஃபிக்ஸ்சர்களை வரைவது, துளை போடக் கொடுத்து வாங்குவது, ஒயர் இழுப்பது, கெட்டுப்போனால் திட்டு வாங்குவது, எல்லாம் நான்தான்.

பேசியவர் ஈஸ்வரன். எங்கள் போர்டுகளை வாங்கி, பிறந்த குழந்தைகளைக் கிடத்திச் சூடு கொடுக்கும் வார்மர் மிஷின் செய்கிற கம்பெனியின் குவாலிட்டி ஆபீசர். கோபம் வந்தாலும் சத்தம் போட்டுப் பேசத் தெரியாத மனிதர். திட்டுகிறவர்களைச் சமாளித்துவிடலாம், இவரைச் சமாளிப்பது கஷ்டம்.

"ஏனுங்க மேடம், சாப்பிட்டாச்சுங்களா?"

"சொல்லுங்க சார்."

"உங்க போர்டு ஒண்ணுல சென்சாரைப் புடுங்கி உட்டா சத்தமே வரலீங்க. ஹீட்டரும் நிக்கலீங்க. அது பாட்டுக்குக் காஞ்சுட்டே இருக்குதுங்க."

கை சோற்றிலேயே நின்றுவிட்டது. வார்மரில் படுத்திருக்கும் குழந்தையின் வயிற்றில் ஒரு சின்ன சென்சாரை ஒட்டியிருப்பார்கள். உடம்பு எவ்வளவு சூடாக இருக்கிறது என்று அதுதான் போர்டுக்குச் சொல்லும். குழந்தை காலை உதைத்து அந்த ஒயர் கழன்றுவிட்டால், போர்டு பத்து விநாடிக்குள் ஹீட்டரை நிறுத்திவிட்டு பஸ்ஸரில் கத்த வேண்டும். கத்தாவிட்டால்? மேலே ஹீட்டர், கீழே பிறந்து ரெண்டு நாள் ஆன உடம்பு. அதற்கு மேல் நினைக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"சீரியல் நம்பர் சொல்லுங்க சார்" என்றேன். அவர் சொன்ன எண்ணை எச்சில் கையோடு கம்ப்யூட்டரில் தட்டினேன். சோதனையைப் பதிந்து வைக்கும் லாகில் வந்தது: பாஸ். குழி எண் ஐந்து.

சோதனை செய்தது நான் கட்டிய ஃபிக்ஸ்சர். அதுவும் நான் முதன்முதலாகக் கட்டிய ஆறு போர்டு ஃபிக்ஸ்சர். டிபன் பாக்ஸை மூடிவிட்டேன்.

2. ஆறு குழி

அதற்கு முன்னால் ஒவ்வொரு போர்டாக வைத்துத்தான் சோதிப்போம். ஆர்டர் கூடியதும் முதலாளி என்னைக் கூப்பிட்டார். தணிகாசலம் சார். திருக்கனூரில் உரக்கடை வைத்திருந்த குடும்பம். எலக்ட்ரானிக்ஸ் படிக்காதவர், ஆனால் எந்தப் பொருள் எந்த அலமாரியில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்.

"ஒன்னொன்னா வச்சி எப்பமா முடிக்கிறது? ஆறா வய்யி. பொட்டி மட்டும் பெருசாப் பூடக்கூடாது, டேபிள்ல எடம் கெடயாது."

ஆறு போர்டு என்றால் ஒன்றை ஆறு முறை வரைவது என்று வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, அதுதான் நான் செய்த முதல் மடத்தனம். மின்சாரம் பாயாத ஒரு எபாக்ஸி தட்டு. அதில் மூன்று மூன்றாக இரண்டு வரிசையில் ஆறு குழி. ஒவ்வொரு குழியிலும் ஸ்பிரிங் வைத்த ஊசி பின்கள் முளைத்து நிற்கும். போர்டுகளை உட்கார வைத்து, மேல் தட்டை இறக்கி, கிளாம்பை அழுத்தினால் ஆறு போர்டும் ஒரே நேரத்தில் பின்கள் மேல் உட்காரும். ஆறுக்கும் ஒரே பவர், ஒரே கிரவுண்டு. ஒவ்வொரு குழிக்கும் முன்னால் சிவப்பு, பச்சை விளக்கு. பெட்டி சின்னதாக இருக்க வேண்டும் என்பதால் குழிகளை நெருக்கி வைத்தேன். நடுவில், இரண்டாம் குழிக்கும் ஐந்தாம் குழிக்கும் இடையில் ஒரு விரல் அகலம்தான் இடைவெளி. இரண்டாம் குழியில் போர்டு உட்கார்ந்தால் மட்டும் மின்சாரம் வருகிற பவர் பின்னும் ஐந்தாம் குழியின் சென்சார் பின்னும் அங்கே எதிரெதிராக நின்றன.

அதை ஓட்டியவர் அஞ்சலை அக்கா. நல்லவாட்டிலிருந்து பஸ் மாறி வருகிறவர். வீட்டுக்காரர் படகில் மீன் பிடிக்கப் போகிறவர். போர்டை மீனைப் போலவே கையாளுவார், ஒரு பார்வையில் நல்லது கெட்டது பிரித்துவிடுவார். நான் கட்டியதை முதலில் பார்த்ததும் சொன்னார்: "இன்னா சுகந்தி, இட்லிக் குண்டான் கணக்கா கீது?" ஆனால் ரெண்டே நாளில் அவருக்கு அது பிடித்துப் போனது. லாகில் குழி எண்ணையும் எழுதச் சொல்லி நான் அடம் பிடித்தபோது மட்டும் முணுமுணுத்தார்.

தினமும் காலையில் ரெட் போர்டு வைத்துப் பார்ப்போம். R47 என்று ஒரு ரெசிஸ்டர். சென்சார் கழன்றதைப் போர்டுக்குத் தெரிவிப்பது ஒன்றுதான் அதன் வேலை. கடுகில் பாதி இருக்கும், கனெக்டரின் நிழலில் உட்கார்ந்திருக்கும், கண்ணுக்குச் சிக்காது. பாகங்களை ஒட்டும் மிஷின் எப்போதாவது அதை ஒட்டாமல் விட்டுவிடும். வேண்டுமென்றே அதைப் பிடுங்கிய ஒரு போர்டுக்குச் சிவப்பு பெயின்ட் அடித்து வைத்திருந்தோம். அதை வைத்ததும் சிவப்பு விளக்கு எரிந்தால், ஃபிக்ஸ்சர் கெட்ட போர்டைப் பிடிக்கிறது என்று அர்த்தம். அன்றாடம் எரிந்தது. தனியாக, முதல் குழியில் மட்டும் வைத்துப் பார்த்தோம். கைக்குப் பக்கத்தில் இருந்தது அந்தக் குழிதான்.

3. தனியாகவும் கூட்டத்திலும்

கெட்ட போர்டு கூரியரில் வந்து சேர ரெண்டு நாள் ஆனது. அந்த ரெண்டு நாளும் நான் சரியாகத் தூங்கவில்லை, சாப்பிடவில்லை. குருவிநத்தத்தில் இருக்கும் என் வீட்டிலிருந்து வண்டியில் வரும்போது எதிரில் ஆம்புலன்ஸ் வந்தால்கூட வண்டியை ஓரம் கட்டி, உள்ளே குழந்தையா என்று எட்டிப் பார்த்தேன்.

போர்டை லென்ஸில் பார்த்தேன். R47 இல்லை. முதல் குழியில் வைத்தேன். சிவப்பு. ஐந்தாம் குழியில் வைத்தேன். சிவப்பு. ஆறு குழியிலும் மாற்றி மாற்றி வைத்தேன். எல்லாமே சிவப்பு.

முதலாளி பின்னால் வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "உன் ஃபிக்ஸ்சர் கரெக்டா புடிக்குதேமா. அப்ப இது எப்டி வெளிய போச்சி? செவப்பு எரிஞ்சத இந்தம்மா பாஸ் ட்ரேல போட்டுட்டாங்களா?"

அஞ்சலை அக்காவின் முகம் சுண்டிவிட்டது. "நானா சார்? எத்தினி வருசமா கீறேன், எம்மேல ஒரு சொல்லு உண்டா?"

அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றியது என்று உள்ளபடி எழுதுகிறேன். நிம்மதியாக இருந்தது. அப்பாடா, தப்பு என் மேல் இல்லை. அக்காவின் கண் கலங்குவதைப் பார்த்துக்கொண்டே நிம்மதிப்பட்டேன். சீ என்று இப்போதும் இருக்கிறது.

முதலாளி போன பிறகு அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் பக்கம் திரும்பாமல் வேலையை ஆரம்பித்தார். வெளியே ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஏ.சி. ஒரு வாரமாக ரிப்பேர், ஜன்னல் திறந்து கிடந்தது, பேப்பரெல்லாம் நமுத்திருந்தது. அக்கா ஐந்து நல்ல போர்டுகளைக் குழிகளில் அடுக்கினார். ஐந்தாம் குழியை மட்டும் காலியாக விட்டு, என் கையிலிருந்த கெட்ட போர்டை வெடுக்கென்று வாங்கி அதில் வைத்தார்.

"வேல நடக்கும்போது ஒன்னத் தனியாவா வய்க்கிறோம்? நடக்கற மாதிரி வச்சிப் பாரு."

கிளாம்பை அழுத்தினார். ஒன்று பச்சை. இரண்டு பச்சை. மூன்று, நான்கு பச்சை.

ஐந்தும் பச்சை.

அக்கா என்னைப் பார்த்தார். மறுபடியும் அழுத்தச் சொன்னேன். மறுபடியும் பச்சை. தனியாக இருந்தால் மாட்டிக்கொள்கிற கெட்ட போர்டு, நல்ல போர்டுகள் சூழ்ந்திருந்தால் தப்பித்துப் போகிறது. பக்கத்தில் இருக்கும் ஏதோ ஒரு போர்டு இதற்கு மின்சாரம் கடன் கொடுக்கிறது. எது, எந்த வழியாக?

அக்கா டீ குடிக்கப் போனார். நான் போர்டுகளை எடுத்துவிட்டு, டார்ச் அடித்துத் தட்டைப் பார்த்தேன். நடுவில், இரண்டாம் குழிக்கும் ஐந்தாம் குழிக்கும் இடையில், வட்டமாக, பெரிதாக, ஒரு குங்குமப் பொட்டு.

அதை வைத்தது நான்.

4. ஆயுத பூஜை

எங்கள் கம்பெனியில் ஆயுத பூஜைக்கு ஒரு மிஷின் விடாமல் பொட்டு வைப்போம். கம்ப்ரஸர், சால்டரிங் ஸ்டேஷன், ஸ்க்ரூடிரைவர், முதலாளியின் ஸ்டேப்ளர் உட்பட. டெஸ்ட் ரூமுக்கு நான்தான் வைப்பேன். மற்றதற்கெல்லாம் வெளிச் சட்டத்தில் வைத்தேன். இந்த ஃபிக்ஸ்சருக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. என் முதல் ஆறு குழி. வெளிப் பெட்டியைக் கார்பென்டர் செய்தார், உள் தட்டுதான் நான் செய்தது. அதனால் மேல் தட்டைத் தூக்கி, பின்களுக்கு நடுவில், சந்தனத்தைக் குழைத்து வைத்து அதன் மேல் குங்குமத்தை அழுத்தினேன். கும்பிட்டுக்கொண்டேன். அது காய்ந்து அங்கேயே கிடந்தது. வெயிலில் ஒன்றும் செய்யவில்லை. மழை ஈரத்தில் நமுத்ததும், இரண்டாம் குழியின் பவர் பின்னிலிருந்து ஐந்தாம் குழியின் சென்சார் பின்னுக்கு மின்சாரம் மெல்ல ஊற ஆரம்பித்துவிட்டது. இல்லாத R47 செய்ய வேண்டிய வேலையை என் பொட்டு செய்திருக்கிறது.

கையில் ஸ்பிரிட் பாட்டிலும் பஞ்சும் இருந்தன. ரூமில் யாருமில்லை. யோசித்துச் செய்தேன் என்று சொல்ல முடியாது. கை பாட்டுக்குத் துடைத்தது. சுத்தமாக, பின்னின் கழுத்து வரைக்கும் துடைத்தேன். சிவந்து போன பஞ்சைச் சுருட்டி டிபன் பைக்குள் போட்டேன். பிறகு ஆறு போர்டையும் வைத்து அழுத்தினேன். ஐந்தாம் குழி சிவப்பு.

முடிந்தது. இனி யாருக்கும் தெரியாது. அக்கா ரெண்டு தடவை பச்சையைப் பார்த்தார்தான், ஆனால் இனிமேல் அவர் சொன்னால் யார் நம்பப் போகிறார்கள்? அவர் மேல்தான் ஏற்கனவே சந்தேகம்.

அப்படி நினைத்த அடுத்த நிமிஷம்தான் உறைத்தது. ஃபிக்ஸ்சர் சரியாகிவிட்டது. ஆனால் பூஜைக்கு அப்புறம் ஐந்தாம் குழியில் உட்கார்ந்து எழுந்துபோன போர்டுகள்? லாகை எடுத்து எண்ணினேன். எழுபத்திரண்டு. அதில் எத்தனையில் R47 இல்லை என்று எனக்குத் தெரியாது. எந்த ஊரில், எந்தக் குழந்தைக்கு மேல் காய்கிறது என்று தெரியாது. நான் வாயைத் திறக்காவிட்டால் அது யாருக்கும் தெரியப் போவதில்லை, ஏதாவது நடக்கிற வரைக்கும்.

டீ கிளாஸோடு அக்கா திரும்பி வந்தார். "இன்னாடி, மூஞ்சி வெளுத்துப் போயி கீது?"

"அக்கா, நான்தான்" என்றேன். பொட்டு இருந்த இடத்தைக் காட்டிச் சொன்னேன். அழுகையும் வந்தது. அவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்து முதலாளி ரூமுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

5. மறுபடியும் ஒரு பொட்டு

முதலாளி நம்பவில்லை. அவர் நெற்றியிலும் விபூதி, நடுவில் குங்குமம்.

"இன்னாமா சொல்ற? சாமி பொட்டு வச்சதுக்கு போர்டு கெட்டுப் போச்சா? யார்கிட்டனா சொன்னா சிரிப்பாங்க."

"பொட்டு மேல தப்பு இல்ல சார். வச்ச எடம் தப்பு."

"காட்டு."

எதைக் காட்டுவது? துடைத்துவிட்டேனே. அதையும் சொன்னேன். அவர் எழுந்து டெஸ்ட் ரூமுக்கு வந்தார். சாமி படத்தின் கீழே இருந்த குங்குமக் கிண்ணத்தை அவரே எடுத்து என்னிடம் நீட்டினார். நான் சந்தனத்தைக் குழைத்து, அதே இடத்தில், அதே அளவில், மறுபடியும் வைத்தேன். பூஜையன்று எவ்வளவு சந்தோஷமாக வைத்தேனோ அவ்வளவு பயத்தோடு இப்போது குங்குமத்தை அழுத்தினேன். ஆறு போர்டையும் அடுக்கி அக்கா கிளாம்பை அழுத்தினார்.

ஐந்தாம் குழி பச்சை.

முதலாளி குனிந்து அந்த விளக்கைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். "அஞ்சல, மனசுல வச்சிக்காத" என்றார் முதலில். பிறகு என்னிடம், "கோயம்புத்தூருக்கு ஃபோன் போடு. நான் பேசறேன். எல்லா நம்பரயும் குடு."

லாகில் குழி எண் இருந்ததால்தான் எழுபத்திரண்டோடு நின்றது. இல்லாவிட்டால் நானூறுக்கும் மேல். ஈஸ்வரன் அன்று மாலைக்குள் தன்னிடம் இருந்த அறுபத்தேழையும் பார்த்துவிட்டார். இன்னும் இரண்டு கெட்டது இருந்தது. அவர்களுக்கு முதலில் அகப்பட்டதோடு சேர்த்து மூன்று. மீதி நாலும் மிஷினில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தன. மூன்று கோயம்புத்தூர் பக்கம், உடனே நிறுத்தச் சொல்லி ஆள் அனுப்பினார். ஒன்று விழுப்புரம் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில்.

"அங்க ஒரே மிஷின்தானுங்களாம், மேடம். குழந்தை உள்ளே இருக்குதுங்களாம். கழட்ட முடியாதுன்னுட்டாங்க. நர்ஸம்மா பக்கத்துலயே உக்காந்து பாத்துக்கறேன்னு சொல்லியிருக்காங்க. எங்க ஆளு வந்து சேர நாளைக்கு மத்தியானம் ஆயிருமுங்க."

"நாங்க விடிஞ்சதும் போறோம்" என்றார் முதலாளி, ஃபோனை என் கையிலிருந்து வாங்கி.

6. பத்து விநாடி

காலையில் முதலாளியின் காரிலேயே போனோம். என் மடியில் பரிசோதித்த புது போர்டு, ஒரு ஸ்க்ரூடிரைவர். வழியில் திருக்கனூர். அவர் கடைத்தெருவைத் தாண்டும்போது வழக்கமாக யாரையாவது பார்த்துக் கையசைப்பார், அன்று அதுவும் இல்லை. எனக்கு ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரிலும் பொறுமை போனது. இரவெல்லாம் ஒயர் கழன்று, நர்ஸ் கண்ணயர்ந்து, என்று என்னென்னவோ ஓடிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் அந்த நர்ஸ் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கண் சிவந்திருந்தது. "ராத்திரி பூரா அந்த ஒயரயே பாத்துனு கீறேன் மேடம்" என்றார். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. என் முழங்கை நீளம்கூட இல்லை. பக்கத்துக் கட்டிலில் அம்மா, இருபது வயது இருக்கும், எங்களைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தாள்.

நர்ஸ் குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்து அவளிடம் கொடுத்தார். நான் சென்சார் ஒயரைப் பிடுங்கினேன். மனசுக்குள் எண்ணினேன். நாலு. ஏழு. பத்து. பஸ்ஸர் கத்தவில்லை. பதினைந்து. மேலே ஹீட்டர் செக்கச்செவேலென்று எரிந்துகொண்டே இருந்தது. இருபது வரை எண்ணியும் அந்த அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான்.

கெட்டதாக இருக்கலாம் என்று தெரிந்துதான் வந்தேன். ஆனால் அந்த அமைதியை நேரில் கேட்டபோது கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

நாலு ஸ்க்ரூ, ரெண்டு கனெக்டர். வொர்க்ஷாப்பில் மூன்று நிமிஷ வேலை. ஒரு ஸ்க்ரூ கை தவறி உருண்டு ஓடியது. முதலாளி, வேட்டியோடு, தரையில் குனிந்து கட்டிலுக்கு அடியில் தேடி எடுத்துக் கொடுத்தார். பழைய போர்டைத் திருப்பிப் பார்க்கவில்லை, பார்க்கிற தெம்பு இல்லை. புது போர்டை மாட்டி, சென்சாரைச் சொருகி, சூடு ஏறியதும் மறுபடியும் பிடுங்கினேன்.

ஆறு எண்ணுவதற்குள் பஸ்ஸர் கத்தியது. ஹீட்டர் அணைந்தது. அந்தச் சின்ன அறை அதிர்கிற மாதிரி கத்தல். குழந்தை திடுக்கிட்டு விழித்து அதுவும் கத்தியது.

அந்தப் பெண் பயந்து போய்க் குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "அய்யோ, இன்னா மேடம், மிஷினு கெட்டுப் பூடுச்சா?"

"இல்லம்மா" என்றேன். "இப்பதான் நல்லா கீது."

7. இன்றைக்கு

இது நடந்து சில வருஷங்கள் ஆகிவிட்டன. ஃபிக்ஸ்சர் வேலைக்கு வருகிறவர்களுக்கு என்னிடமிருந்து கிடைப்பது இவ்வளவுதான். ரெட் போர்டை ஒரு குழியில் வைத்துப் பார்த்தால் அந்த ஒரு குழியைத்தான் பார்த்திருக்கிறீர்கள். ஒவ்வொரு குழியிலும் வையுங்கள், மற்ற ஐந்திலும் நல்ல போர்டு இருக்கும்போது வையுங்கள். காலையில் கால் மணி நேரம் கூடுதலாகப் போகும். புதிதாக வருகிறவர்கள் என் முதுகுக்குப் பின்னால் பழிப்புக் காட்டுவார்கள், எனக்குத் தெரியும். காட்டட்டும். தப்பு தெரிந்த அன்றைக்கே சொல்லுங்கள். துடைத்துவிட்ட பிறகு சொல்வது ரொம்பக் கஷ்டம், நான் பார்த்துவிட்டேன்.

ஆயுத பூஜைக்கு இப்போதும் பொட்டு வைக்கிறோம். வெளிச் சட்டத்தில், கைப்பிடிக்கு மேலே. முதலாளியே வந்து வைக்கிறார். வைப்பதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் என் பக்கம் திரும்பி, "இங்க வய்க்கலாமாமா?" என்று கேட்கிறார். கிண்டலா, நிஜமா என்று அவர் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அஞ்சலை அக்காதான் விழுந்து விழுந்து சிரிப்பார்.

டெஸ்ட் ரூமில் பஸ்ஸர் கத்தினால் மற்றவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். நான் எண்ணிக்கொண்டிருப்பேன். பத்துக்குள் கத்திவிட்டால்தான் எனக்கு மூச்சு வரும்.